கணக்கு எங்கே இடிக்கிறது?

கார் டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் அந்த இன்ஜின் படத்தை வண்டிக்காரரை நினைத்து யாரும் வைக்கவில்லை. வைக்கச் சொன்னது கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம். இன்ஜின் நின்றுவிடுமா, பிக்கப் குறையுமா, ஆவடியிலிருந்து கிளம்பினால் கோயம்பேடு போய்ச் சேருவோமா என்பதெல்லாம் அந்த விளக்குக்கு இரண்டாம்பட்சம். சைலன்சர் வழியே வெளியேறும் புகை, சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டக்கூடும் என்று வண்டிக்குள் இருக்கும் கணினிக்குச் சந்தேகம் வந்தால் அது எரியும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே மெக்கானிக் ஷெட்டில் நடக்கும் பேச்சில் பாதி புரிந்துவிடும்.

கதை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் புகைமூட்டத்தில் தொடங்குகிறது. 1940-களில் அங்கே வெயில் ஏற ஏறக் கண் எரிந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர். கால்டெக்கில் அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்த வேதிப்பொருளால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவரைப் புகையை மோந்து பார்க்க அழைத்தார்கள். கார்கள் எரிக்காமல் விடும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். அடுத்த இருபது ஆண்டுகளில் கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஏறின. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ஷோரூமைவிட்டுக் கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும் கருவி, ஐந்தாறு வருடம் கழித்தும் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? வண்டியே பார்த்துச் சொல்லட்டும் என்றது கலிஃபோர்னியா. 1988-ல் அங்கே தொடங்கிய ஏற்பாடு, 1996-ல் அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரியான ஓபிடி-2 (ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்) முறையாக ஆனது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிகள் வந்த 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின.

ஆகவே அதற்குப் பிறகு வந்த கார் எதுவானாலும், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கம்பெனி எதுவாக இருந்தாலும் வடிவம் ஒன்றுதான். அதில் செருகும் ப்ளூடூத் கருவி இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி வேலையை மொபைல் ஆப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய சிப்பின் நகல்கள். ஆரம்பகாலப் பதிப்புக்குப் பூட்டுப் போடாமல் விட்டதால் உலகமே அதைக் காப்பியடித்தது. மூல நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது, நகல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பதினாறாவது துளை நேராக பேட்டரியோடு இணைந்தது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். கருவியைச் செருகியபடியே இரண்டு வாரம் ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

கருவி வாங்குமுன் விளக்கின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பில் ஆயில் கேனோ வெப்பமானியோ எரிந்தால் அது வேறு சங்கதி. அங்கேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். மஞ்சள் இன்ஜின் படம் நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அது விட்டுவிட்டு மின்னினால் நேரம் இல்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

இந்த ஸ்கேனர் கருவி காட்டும் ‘கோட்’ என்ற கோளாறு எண்ணின் அமைப்பு எளிது. ‘பி’ என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் தொடர்பானது. அடுத்த எழுத்து பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட், ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். அதற்கடுத்த எண் துறையைச் சொல்லும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மனதில் வைக்க வேண்டியது வேறு: கோட் ஒரு சாமானின் பெயரைச் சொன்னாலும் அந்தச் சாமான் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்தக் கணக்கு இடித்தது என்று மட்டும்தான் கணினிக்குத் தெரியும். யார் கணக்கை இடிக்க வைத்தது என்பதை மனிதர்தான் தேட வேண்டும். தேடாமல் பெயர் வந்த சாமானை மாற்றுவதில்தான் நம் காசு கரைகிறது.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். ‘கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம்’ என்பது அதன் பொருள். இது வந்தால் “சார், ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு” என்ற தீர்ப்பு பல இடங்களில் உடனே விழும். அந்த சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்தால் தீர்ப்பின் அவசரம் புரியும்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். புகையை அடக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, கலவை இந்த விகிதத்தைவிட்டு அதிகம் நகரக் கூடாது. அதைக் காவல் காப்பது எக்ஸாஸ்ட் குழாயில் திருகிய, கட்டைவிரல் பருமனுள்ள பீங்கான். சிர்கோனியா என்ற இந்தப் பீங்கானுக்கு ஒரு விசித்திர குணம்: முந்நூறு டிகிரிக்கு மேல் சூடானால் ஆக்ஸிஜன் அயனிகள் அதனூடே நடக்க ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் பீங்கானின் இரு முகங்களுக்கிடையே மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட்டை ஒட்டி, காற்று அதிகமானால் 0.1 வோல்ட்டை ஒட்டி. நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் சட்டென்று குதிக்கும்.

இந்த மின்னழுத்தத்துக்குச் சூத்திரம் எழுதியவர் ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1897 வாக்கில் அவர் ஒரு மின்விளக்கும் செய்தார். அதன் ஒளிரும் தண்டு இட்ரியா கலந்த சிர்கோனியா, இன்றைய சென்சாரில் இருக்கும் அதே சரக்கு. அந்த விளக்கு குளிர்ந்த நிலையில் எரியாது. முதலில் சூடேற்றினால்தான் அதில் மின்சாரம் பாயும். எடிசன் வழிவந்த பல்புகள் அதை ஓரங்கட்டிவிட்டன. மறந்துபோன விளக்கின் பீங்கான் 1976-ல் பாஷ் நிறுவனத்தின் சென்சாராக வால்வோ காரில் ஏறியது. குளிரில் வேலை செய்யாத பழைய குணமும் கூடவே வந்ததால், இன்றைய சென்சாருக்குள் சின்ன ஹீட்டர் ஒன்று இருக்கிறது. ஹீட்டருக்குத் தனிக் கோட் உண்டு, பி0135. சென்சாரின் விலை ஆயிரக்கணக்கில்; ஹீட்டரின் ஃப்யூஸ் போயிருந்தால் செலவு பத்து இருபது ரூபாய். அதே கோட்தான் இரண்டுக்கும்.

இப்போது பி0171-க்கு வருவோம். கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று சென்சார் சொன்னால் கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டியது என்பதை ‘ஃப்யூல் ட்ரிம்’ என்று சதவீதத்தில் எழுதி வைக்கும். நல்ல வண்டியில் இது பூஜ்யத்தை ஒட்டி ஆடும். இருபது, இருபத்தைந்து சதவீதம் கூட்டியும் தீரவில்லை என்றால் கணினி கையை விரித்துவிட்டு விளக்கைப் போடும். ஆக, பி0171 எரிகிறது என்றால் பெரும்பாலும் சென்சார் உயிரோடு இருந்து சரியாகவே பேசியிருக்கிறது.

மொபைல் ஆப்பில் லைவ் டேட்டாவைத் திறந்து இந்த ட்ரிம்மை நீங்களே பார்க்கலாம். இன்ஜின் நன்கு சூடானபின் ஐடிலிங்கில் ஒருமுறை, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 சுற்றில் பிடித்து ஒருமுறை. ஐடிலிங்கில் ட்ரிம் எகிறி, சுற்று ஏறியதும் இறங்கிவிட்டால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளாம்ப். ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்று கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழி வரும் பங்கு பெரிது. சுற்று ஏறினால் அதே ஓட்டையின் பங்கு சுருங்கிவிடும். இதற்கு மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் ட்ரிம் ஏறினால் சந்தேகம் ஃப்யூல் பம்பு மேலும் ஃபில்டர் மேலும் போக வேண்டும். ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் வண்டிகளுக்கு இந்த இலக்கணம் அச்சாகப் பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் வண்டிகளும் நம்மூரில் நிறைய உண்டு. அவற்றில் திருட்டுக் காற்றும் கணக்குக்குள் வந்துவிடுவதால், ட்ரிம் அவ்வளவாக நகராமல் ஐடிலிங் சுற்று மட்டும் ஏறிக்கொண்டு நிற்கும். எந்த வகை என்பதை லைவ் டேட்டாவே காட்டிவிடும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளி. எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும், ஒன்பது கிலோதான். எனவே இ20 பெட்ரோலுக்கு விகிதம் 13.5 அளவுக்கு இறங்குகிறது. சுத்தப் பெட்ரோலுக்கென அமைத்த பழைய வண்டியின் கணினி எட்டு, ஒன்பது சதவீதம் பெட்ரோலைக் கூட்டித்தான் சமாளிக்கும். அது மட்டுமே விளக்கைப் போடாது. ஆனால் பத்து வருடத்து ஹோஸில் இருந்த சிறு கசிவு இதுவரை எல்லைக்குள் இருந்திருந்தால், எத்தனாலின் பங்கும் சேர்ந்து அதை எல்லை தாண்ட வைத்துவிடும். “பங்க் மாத்தினதுலேருந்து லைட் எரியுது” என்பவர் சொல்வது பொய்யில்லை, முழுக்க மெய்யுமில்லை.

மின்னும் விளக்குக்கு வருகிறேன். அது மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடிக்காமல் தவறுகிறது, அதாவது மிஸ்ஃபயர், என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும் பொறியியல் எனக்கு மிகவும் பிடித்தது.

சென்னையின் மேற்குப் பக்கம், பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டும் அறுபதுகளில் எழுந்ததுதான். ஆகவே, சத்தத்தை வைத்தே மிஸ்ஃபயரைச் சொல்லும் காதுகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே மிஸ் அடிக்கிறது. கார்புரேட்டர் காலத்து உத்தி இது. இன்றைய வண்டியில் ஓடும்போது, பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலைப் பிடுங்கக் கூடாது, ஆளுக்கும் ஆபத்து, வண்டிக்கும் கேடு.

அந்தக் காதின் வேலையைக் கணினி செய்யும் விதம் இது. கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு பல்சக்கரம். பரவலான அமைப்பில் அறுபது பற்களுக்கான இடம், இரண்டு பல் கிடையாது. அந்த இடைவெளிதான் சுற்று எங்கே தொடங்குகிறது என்ற அடையாளம். பக்கத்தில் ஒரு சென்சார் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அளக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு ஐம்பது சுற்று, ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் வெடித்து கிராங்க்கைத் தள்ளும். அந்த வெடிப்பு ஒருமுறை தவறினால் அடுத்த சில பற்கள் ஒரு நூலிழை தாமதமாக வரும். எத்தனையாவது பல் தாமதம் என்பதிலிருந்து எந்த சிலிண்டர் தவறியது என்று கணினி சொல்லிவிடும்: முதல் சிலிண்டர் என்றால் பி0301, இரண்டாவது என்றால் பி0302. குழியில் டயர் இறங்கி ஏறும்போதும் கிராங்க் குலுங்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்துச் சாலைகளில் அது தினசரி அனுபவம். பல வண்டிகளில் கணினி சக்கரங்களின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, இது ரோட்டின் குலுக்கல் என்று தெரிந்தால் மிஸ்ஃபயர் கணக்கைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும்.

வெடிக்காத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அந்தச் சூட்டில் பூச்சு சிதையும், பீங்கானே உருகி அடைத்துக்கொள்வதும் உண்டு. விளக்கு மின்னுவது அதற்காகத்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக ஓரங்கட்டுங்கள். ஓட்டிக்கொண்டே போனால் காயிலோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர்வரை போகும்.

மிஸ்ஃபயருக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பி0301 வந்திருக்கிறது என்று வையுங்கள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மறுபடி ஓட்டினால் கோட் பி0302 ஆக மாறியதா? குற்றவாளி காயில், அது கோடையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பி0301 அங்கேயே நின்றதா? காயில் நிரபராதி, அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றலாம், பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். நாலு காயிலையும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று சொல்பவரிடம், “அண்ணே, முதல்ல இடம் மாத்திப் போட்டுப் பாருங்க” என்று கேட்பதில் தவறேதும் இல்லை. நல்ல மெக்கானிக் நீங்கள் கேட்குமுன்பே செய்திருப்பார்.

பி0420 பற்றி ஒரு வார்த்தை. ‘கன்வெர்ட்டரின் திறன் குறைவு’ என்று சொல்லும் இந்தக் கோட்தான் பில்லை ஏற்றிவிடும். கன்வெர்ட்டரில் சீரியம் ஆக்ஸைடு என்ற களஞ்சியம் இருக்கிறது. ஆக்ஸிஜன் மிஞ்சும்போது வாங்கி வைத்து, குறையும்போது கொடுக்கும். அதனால் முன்னால் உள்ள சென்சார் மேலும் கீழும் ஆட, பின்னால் உள்ள சென்சார் அசையாமல் நிற்கும். பின்னதும் ஆட ஆரம்பித்தால் களஞ்சியம் காலி என்று கணினி முடிவு கட்டும். சென்சார் பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் விரிசல் விட்டு வெளிக்காற்று நுழைந்தாலும் அதே முடிவுக்கு வரலாம். கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தால், ஏன் போயிற்று என்று கேளுங்கள். மிஸ்ஃபயரையோ ஆயில் குடிப்பதையோ சரிசெய்யாமல் புதிதாகப் போட்டால் அதுவும் பழையதன் வழியே போகும்.

அமெரிக்க யூடியூப்காரர்கள் முதலில் சொல்லும் யோசனை, பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள் என்பது. அந்த ஊரில் டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் விதிகள் ஐரோப்பாவைப் பின்பற்றுபவை. அங்கே ஆவிக் குழாயின் வால்வுக்கு மின் இணைப்பு சரியா என்று பார்த்தால் போதும். ஆகவே நம்மூர்க் கார்கள் பலவற்றில் மூடியை எத்தனை முறை இறுக்கினாலும் விளக்கு அசையாது.

நம்மூருக்கே உரிய காரணம் வேறு: தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. அப்படி நனைந்த வண்டியின் வயர் இணைப்புக் கப்ளர்களில் மாதங்கள் கழித்தும் பச்சைக் களிம்பு ஏறிக்கொண்டிருக்கும். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் உண்மையில் ஒரு மின்தடை, சூடேற ஏற அதன் தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 80 டிகிரியில் சுமார் 320 ஓம், 60 டிகிரியில் சுமார் 600 ஓம். கப்ளரில் ஏறிய களிம்பு ஒரு 280 ஓம் தடையைக் கூட்டினால் போதும், 80 டிகிரியில் ஓடும் இன்ஜினை 60 டிகிரி என்று கணினி நம்பும். சித்திரை வெயிலிலும் குளிர்கால இன்ஜினுக்குரிய பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் விழும், ‘இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவில்லை’ என்ற பி0128 வரும். புதுத் தெர்மோஸ்டாட் மாட்டினாலும் மாறாது. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பார்த்தாலும் பிடிபடுவது கஷ்டம். குளிர்ந்த சென்சாரின் தடை இரண்டாயிரம் ஓமை நெருங்குவதால் அதில் இந்த 280 கரைந்துவிடும், நாலைந்து டிகிரிதான் வித்தியாசம் தெரியும். சூடானபின் பார்க்க வேண்டும், கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எலி கடித்த வயரும் இதே வகையறா. எட்டுப் பத்து கோட்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரே நாளில் வந்தால், முதலில் பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் எல்லா சென்சாரும் ஒரே சமயத்தில் உளறும்.

விளக்கின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. அடுத்த கோளாறு வந்தால் சொல்ல வண்டிக்கு வாய் இருக்காது. கோடை அழித்துவிட்டு ஓட்டுவதும் அதே ரகம், இன்னும் மோசம்கூட. கோட் விழுந்த கணத்தில் வேகம் எவ்வளவு, சுற்று எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று கணினி ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். வேகம் பூஜ்யம், சுற்று 750 என்றிருந்தால் சிக்னலில் நிற்கும்போது வந்த கோளாறு. 80 கிலோமீட்டர் வேகம் என்றிருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. கோடை அழித்தால் இந்தப் படமும் போய்விடும். எனவே யார் ஸ்கேன் செய்தாலும், அழிப்பதற்குமுன் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அழித்ததையும் கண்டுபிடிக்கலாம் என்பது பூந்தமல்லிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். கடைசியாக அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கைப் பல வண்டிகள் வைத்திருக்கின்றன. விற்பவர் “லைட்டே எரிஞ்சதில்ல சார்” என்று சொல்லும்போது அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், பேட்டரியைச் சமீபத்தில் கழற்றினீர்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேரத்தைத் தொடருங்கள்.

ரிப்பேர் முடிந்தபின்னும் இதே கணக்கு உதவும். கோடை அழித்ததும் கணினியின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். மிஸ்ஃபயர் சோதனை ஸ்டார்ட் செய்ததுமே தொடங்கிவிடும். கன்வெர்ட்டர் சோதனைக்கோ இன்ஜின் சூடேறி, சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடிக்கும் ஆவடிக்கும் நடுவே காலை நெரிசலில் ஒரு வாரம் ஓட்டினாலும் அந்த வாய்ப்பு அமையாமல் போகலாம். விளக்கு எரியவில்லை என்பதால் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது, இன்னும் சோதிக்கவே இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி நெமிலிச்சேரிவரை ஒரே சீராக ஓட்டி, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினோடு இன்னொருமுறை ஓட்டி, ஆப்பில் சோதனைகள் ‘முடிந்தது’ என்று மாறியிருக்கிறதா, வெளியே எரியாத கோட் ஏதும் உள்ளே காத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய தொகை என்றால், மீதிப் பணத்தை அதன்பிறகு தருகிறேன் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.